நிழற்படத்தில் இருளின் பயன்

காமிராவால் எடுக்கும் படத்திற்குத் தமிழில் பெயர்கள் சில உள. ஒளிப்படம் என்பர் ஒரு சாரார். நிழற்படம் என்பர் மற்றொரு சாரார். புகைப்படம் என்பது பொதுமக்கள் வழக்கு. மேலைநாட்டார் இக்கலைக்குப் பெயரிட்டபோது ஒளியால் எழுதுவது என்னும் பொருள்பட ஒளியை மட்டுமே நினைந்தனர். தமிழரோ ஒளியையும் நினைந்தனர், நிழலையும் நினைந்தனர். ஒரே பொருளை ஒளி என்றும் நிழல் என்றும் அழைத்தல் முரண்போலத் தோன்றும். ஆராய்ந்து நோக்கின், இவ்விரு பெயரும் ஒன்றையொன்று நிரப்பி நிற்றல் விளங்கும். ஒளி இல்லையேல் படம் இல்லை. நிழல் இல்லையேல் படத்தில் முகம் இல்லை. மக்கள் முகத்தை மறைபொருள் போன்றதோர் அழகுடன் காட்டும் படங்களில் ஒளியும் நிறமும் இருளும் எவ்வாறு தொழில் செய்கின்றன என்பதை, யாம் அறிந்த அளவில் ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

யாம் தமிழ் பயிலும் மாணவர். படக்கலையில் வல்லுநர் அல்லோம். இப்பொருளை ஆராய எம்மைத் தூண்டியது எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி. எம் ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்கு அணித்தாய்ப் பொருநையின் கரையில் உள்ளது. 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18ஆம் நாள்களில் பெய்த பெருமழையை இப்பக்கத்தார் எவரும் மறந்திரார். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பொழிந்தது. பொருநை கரை புரண்டது. எம் வீட்டுத் தார்சாவில் இடுப்பளவு நீர் நின்றது. டிரங்குப் பெட்டியில் இருந்த எம் தாத்தா ஆச்சியின் திருமணப் படம் நீரில் ஊறிற்று. அது கறுப்பு வெள்ளைப் படம். ஆச்சியின் இளமையைக் காட்டும் படம் அஃது ஒன்றே.

அடுத்த ஆண்டு ஆச்சி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நீர் உண்டு எஞ்சிய அப்படத்தை நகரிலுள்ள ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து, ஆச்சியின் உருவத்தைப் பெரிதாக்கித் தருமாறு வேண்டினோம். அவர்கள் பழுதுகளைத் துடைத்தனர். பின்னே நீலத் திரை ஒன்றை அமைத்தனர். படத்திற்கு வண்ணமும் ஊட்டினர். அவ்வண்ணத்தில் எம் ஆச்சி பால்போல் வெளுத்திருந்தார். தாத்தா அப்படத்தை நெடுநேரம் நோக்கினார். பின்பு, "ஏலே, இது யாரு? உங்க ஆச்சி நெறத்த எங்க கொண்டுபோய்ப் போட்டானுவ?" என்றார். அன்று முதல் அப்படம் அலமாரிக்குப் பின்னே சுவரை நோக்கி நின்றது.

சில திங்கள் சென்றபின், எம் அத்தை மகளின் செல்பேசியில் வேறொரு படம் கிடைத்தது. வெள்ளம் புகுந்த முதல் இரவு, மின்சாரம் அற்ற பொழுதில், மச்சின்மேல் அரிக்கேன் விளக்கின் அருகே ஆச்சி அமர்ந்திருந்தபோது எடுத்த படம் அது. முகத்தில் ஒரு பாதியே தெரிகின்றது. மறு பாதி இருளில் இருக்கின்றது. சேலை இருளோடு இருளாய் மறைந்துவிட்டது. ஒரு கண்ணில் மட்டும் விளக்கின் சுடர் புள்ளியாய் மின்னுகின்றது. அதைக் கண்டதும் தாத்தா, "இவதான்" என்று ஒரு சொல்லே சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை.

எல்லாம் விளங்கத் துடைத்து வண்ணம் ஊட்டிய படம் ஆச்சியைக் காட்டவில்லை. பாதியை இருள் விழுங்கிய படம் காட்டிற்று. இஃது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை தேடியே யாம் இக்கலையின் இயல்பைச் சிறிது கற்கலானோம்.

முதற்கண் ஒளி வரும் திசையை அறிதல் வேண்டும். இதனைக் கற்பிக்கும் பள்ளிக்கூடம் ஒன்று நம் நெல்லைக்கு அண்மையிலேயே உள்ளது. திருச்செந்தூர்ச் சாலையிலுள்ள கிருட்டிணாபுரத்து வேங்கடாசலபதி கோயிலின் மண்டபத் தூண்களில் நாயக்கர் காலச் சிற்பங்கள் நிற்கின்றன. விடுமுறை நாளொன்றில் நண்பர் இருவருடன் அவற்றைக் காணச் சென்றோம். உடன்வந்த நண்பர் ஒருவர் கைவிளக்கைச் சிலையின் நேரெதிரே பிடித்தார். கல் வெளுத்தது, உருவம் சுவரில் எழுதிய படம்போல் தட்டையாயிற்று. அவரே விளக்கைப் பக்கத்தே கொண்டு சென்று சற்று உயர்த்தினார். உடனே புருவத்தின் கீழ்க் குழி விழுந்தது, கன்னம் திரண்டது, கைந்நரம்பும் நகமும் எழுந்து நின்றன. சிலை மாறவில்லை; விளக்கும் மாறவில்லை. விளக்கு நின்ற இடம் ஒன்றே மாறியது.

காரணம் எளிது. மேடும் பள்ளமும் கண்ணுக்குத் தெரிவது அவற்றின் நிழலால். எதிரே நின்று வீசும் ஒளி எல்லா நிழலையும் பொருளுக்குப் பின்னே தள்ளிவிடுகின்றது. பக்கத்திலிருந்து வரும் ஒளியோ ஒவ்வொரு மேட்டையும் தொட்டு, அதன் மறுபுறத்தே ஒரு நிழலைக் கிடத்திச் செல்கின்றது. ஆதலின் முகத்தின் வடிவத்தை எழுதுவது ஒளியன்று. ஒளி நிழலாக மாறும் அவ்விடமே என்க. காமிராவோடு இணைந்த மின்வெட்டு விளக்கால் எடுத்த முகங்கள் அடையாளச் சீட்டுப் படங்கள்போல உயிரற்றுத் தோன்றுவதற்கும் இதுவே காரணம்.

மற்றைத் திசைகளுக்கும் தனித்தனிக் குணம் உண்டு. பின்னிருந்து வரும் ஒளி தலைமுடியின் விளிம்பில் பொற்கோடு இழைத்து, முகத்தை நிழலாக்கும். கீழிருந்து வரும் ஒளி அச்சம் விளைக்கும். ஞாயிறும் திங்களும் மேலிருந்தே வீசக் கண்டு பழகிய கண்ணுக்கு, மூக்கின் நிழல் மேல்நோக்கி எழுதல் இயற்கைக்கு மாறாகத் தோன்றும். நம் ஊர்க் கொடை விழாக்களில், தாழப் பிடித்த தீப்பந்தத்தின் ஒளியிற் கண்ட முகம் நெடுநாள் மறவாதிருப்பது இதனால் அன்றோ! ஆனால் அச்சம் வேறு. மறைபொருளின் அழகு வேறு. அவ்வழகை விரும்புவோர் விளக்கை ஒருபுறமாக, கண்மட்டத்திற்குச் சற்று மேலே வைப்பர். அப்பொழுது ஒரு பக்கம் முழுதும் ஒளி பெறும்; மறுபக்கத்துக் கன்னத்தில் கண்ணின் கீழே ஒரு சிறு முக்கோணம் மட்டும் ஒளிரும். ஒல்லாந்து நாட்டு ஓவியர் ரெம்பிராண்டு (1606–1669) எழுதிய முகங்கள் பலவற்றில் இத்தகைய ஒளி விளங்குதலால், படக்காரர் இன்றும் இதனை ரெம்பிராண்டு ஒளி என்றே வழங்குவர்.

சிலையை வைத்து முகத்தின் ஒளியைக் கற்றல் எம் நண்பருக்கு மட்டும் தோன்றிய எண்ணமன்று. 1945ஆம் ஆண்டு வெளிவந்த 'மீரா' என்னும் தமிழ்ப் படத்தை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். அதனைப் படம் பிடித்தவர் ஜிதன் பானர்ஜி. மீராவாக நடித்த எம். எஸ். சுப்புலட்சுமி அவர்களின் முகத்திற்கு எத்திசை ஒளி பொருந்தும் என்பதை அறிய, இவர்கள் அவ்வம்மையாரின் மார்பளவுச் சிலை ஒன்றை முதலில் செய்வித்தனர். அச்சிலைக்குப் பல கோணங்களிலிருந்து ஒளியிட்டுப் படமெடுத்து ஆராய்ந்தனர். அவற்றுள் சிறந்தவற்றைத் தேர்ந்தே பின்னர் அவரைப் படமெடுத்தனர். சிலைக்குக் களைப்பில்லை, எத்துணை நாழிகையும் அசையாது அமர்ந்திருக்கும். பக்திப் பாட்டால் உலகறிந்த அம்முகத்தின் பொலிவு இயற்கையின் கொடையே. ஆயினும் அதனைத் திரையில் காத்துத் தந்தது விளக்கையும் நிழலையும் அளந்து வைத்த உழைப்பு.

இனி, இருளைத் துணிந்து ஆண்ட ஒருவரைப் பற்றிக் கூறுவோம். ஜூலியா மார்கரெட் காமரன் என்னும் ஆங்கில மாது 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863ஆம் ஆண்டு இறுதியில், தம் 48ஆம் அகவையில், மகளும் மருமகனும் பரிசாகத் தந்த காமிராவை முதன்முதல் கையில் எடுத்தார். ஒயிட் தீவிலிருந்த தம் வீட்டின் கோழிக்கூட்டைக் கண்ணாடி வேய்ந்த படக்கூடமாகவும், நிலக்கரி அறையை இருட்டறையாகவும் மாற்றினார். அந்நாளைய ஸ்டூடியோக்களில் தூணும் திரையும் பூச்சட்டியும் சூழ, முகம் முழுதும் சமமாய் வெளிச்சம் பரவப் படமெடுத்தல் வழக்கம். இவரோ அவையனைத்தையும் நீக்கினார். பின்னே இருள், முன்னே முகம், ஒருபுறத்தே ஒளி, இவ்வளவே அவர் கைக்கொண்டவை.

1867இல் வானநூற் பேரறிஞர் சர் ஜான் எர்ஷலை அவர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. முதியவரின் தலைமுடியைக் கழுவி விரிக்கச் செய்தார் என்பர். உடல் கருந்துணியில் மறைந்திருக்க, நரைமுடியும் நெற்றிச் சுருக்கமும் ஆழ்ந்த கண்களும் மட்டுமே இருளிலிருந்து வெளிவருகின்றன. இரவெல்லாம் விண்மீன் நோக்கிய ஒருவரை இருளின் நடுவே வைத்துக் காட்டுதலினும் பொருத்தம் யாது? அம்மாதின் படங்கள் தெளிவற்றவை, மங்கலானவை என்று அந்நாளில் குறை கூறினோர் பலர். இன்று அக்குறை கூறியோரின் படங்களை எவரும் நினைப்பதில்லை.

இவ்வம்மையாருக்கும் நம் தென்னாட்டுக்கும் ஓர் இயைபு உண்டு. 1875இல் அவர் கணவருடன் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். அங்குக் குடும்பத்திற்குத் தோட்டங்கள் இருந்தன. தென்தமிழ்நாட்டிலிருந்து ஆயிரமாயிரம் ஏழை மக்கள் கடல் கடந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற காலம் அது. நம் மாவட்டத்துச் சிற்றூர்களில் 'கொழும்புக்குப் போன' உறவினர் ஒருவரேனும் இல்லாத குடும்பம் அரிது. காமரன் அம்மையார் அங்கே தோட்டத் தொழிலாளரையும் ஊராரையும் படமெடுத்தார். அவற்றுள் இன்று கிடைப்பன மிகச் சிலவே. 1879இல் அவர் அத்தீவிலேயே இறந்து, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பெற்றார். அறிஞர்க்கும் புலவர்க்கும் தந்த அதே இருளையும் ஒளியையும் பெயர் தெரியாத கூலி மக்களுக்கும் தந்த அப்படங்களைக் காணும்தோறும், அம்முகங்களுள் நம் ஊரார் எவரேனும் இருப்பரோ என்று எம் உள்ளம் தேடுகின்றது. அவர்கள் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. பெயர் இருளில் மறைந்தது. முகம் ஒன்றே ஒளியில் எஞ்சியது.

நிற்க. முகத்தின் ஒரு பகுதியை மறைத்தலால் அழகு மிகுவது ஏன்? இதற்கு விடை காணத் தமிழ் மாணவர் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தொல்காப்பியனார் பொருளதிகாரத்தில் உள்ளுறை உவமத்தை வகுத்துக் கூறினார். புலவர் மருதத்துப் பொய்கையையும் குறிஞ்சிச் சாரலையும் மட்டுமே பாடுவார். தலைவன் இயல்பையோ தலைவி துயரையோ வாய்விட்டுக் கூறார். கற்போர் உள்ளமே அதனை உய்த்துணர்ந்து நிரப்பிக்கொள்ளும். கூறாது விட்டதே கூறியதினும் வலிமையுடைத்தாதல் இவ்வாறு. படத்தின் இருளும் அத்தகைத்தே. தெரியாத பாதியைக் காண்போர் தம் நினைவால் எழுதிக்கொள்கின்றனர். எம் ஆச்சியின் படத்தில் இருண்டு கிடந்த பாதியில் தாத்தா கண்டது யாதோ, அதனை எந்தக் காமிராவும் அறியாது. வண்ணம் ஊட்டிய படத்திலோ அவர் எழுதிக்கொள்ள ஓர் இடமும் விடப்படவில்லை.

ஆயினும் இருளெல்லாம் மறைபொருள் ஆகிவிடாது. உள்ளுறைக்கு வெளிப்படையான கருப்பொருள் ஒன்று வேண்டுமாறு போல, இருளுக்கும் தெளிவாய்த் தெரியும் ஓரிடம் வேண்டும். அவ்விடம் பெரும்பாலும் கண். கண்மணியில் விளக்கோ சாளரமோ ஒரு சிறு புள்ளியாய் எதிரொளித்தல் வேண்டும். அப்புள்ளி இல்லையேல், இருளில் உள்ள முகம் உறங்கும் முகம்போல் ஆகிவிடும்.

அடுத்து நிறத்தைப் பற்றிக் கூறுவோம். நம் முன்னோரின் பழைய படங்களைக் கூர்ந்து நோக்கியோர் ஒன்று கண்டிருப்பர். நீல வானம் வெறும் வெண்மையாய் இருக்கும். செந்நிறக் குங்குமம் கரும்பொட்டாய் இருக்கும். பழைய படத்தட்டுகள் நீல ஒளியை மட்டுமே நன்கு உணர்ந்தன. செவ்வொளி அவற்றுக்கு இருளே. 1873இல் எர்மன் ஓகல் என்னும் செருமானிய அறிஞர், தட்டில் சில சாயங்களைச் சேர்த்தால் அது பிற நிறங்களையும் உணரும் என்று கண்டார். எல்லா நிறமும் உணரும் தட்டுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கடைக்கு வந்தன. நம்மவரின் மேனி செம்மையும் பழுப்பும் கலந்த கருமை. அது நீல ஒளியைக் குறைவாகவும் செவ்வொளியை மிகுதியாகவும் திருப்பி அனுப்புவது. ஆகவே செம்மை அறியாத பழைய தட்டில் நம் முகங்கள் உள்ளதினும் கருத்து, உறுப்பு வேறுபாடு தோன்றாது கிடந்தன. குறை தட்டின்மேலது, பழியோ முகத்தின்மேல் விழுந்தது. முகத்தில் மாவு பூசி அமர்த்துவதும், படச்சுருளில் பென்சிலால் தீட்டி வெளுப்பாக்குவதும் இதனால் வழக்கமாயின.

வண்ணப்படம் வந்த பின்னும் இக்குறை நீங்கவில்லை. மேலைநாட்டுப் படச்சாலைகளில் நிறத்தைச் சரிபார்க்கக் கோடக் நிறுவனம் அனுப்பிய அளவுப் படத்தில் நெடுங்காலம் ஒரு வெள்ளை மாதின் உருவமே இருந்தது. 'ஷெர்லி அட்டை' என்பது அதன் பெயர். அம்மேனி நன்றாய்த் தோன்றினால் போதும் என்று இரசாயனக் கலவைகள் அமைக்கப்பட்டன. இன்று நம் கையிலுள்ள செல்பேசிகள் பலவும் நம்மைக் கேளாமலே முகத்தை மெழுகி வெளுப்பாக்கித் தருகின்றன. தட்டு போயிற்று, சுருள் போயிற்று, வெளுப்பாக்கும் வழக்கம் மட்டும் போகவில்லை.

சங்கப் புலவர் இதனைக் கண்டால் நகைப்பர். அவர்கள் தலைவியின் அழகுக்கு இட்ட பெயர் மாமை. மாந்தளிர் போல ஒளிரும் கருமை அது என்பர் உரையாசிரியர். தலைவன் பிரிந்தவழி அம்மாமை கெட்டு மேனியில் பரவும் வெளிறிய நிறத்துக்குப் பசலை என்று பெயர். மாமை நலம், பசலை நோய். எம் ஆச்சியின் முகத்தில் ஸ்டூடியோவார் ஊட்டிய நிறம் யாது என்று இப்பொழுது நன்கு விளங்கிற்று. நலத்தைத் துடைத்து, நோயைப் பூசிவிட்டனர்!

அன்றியும், கருமேனிக்கு உரிய ஒளியின் இயல்பே வேறு. வெண்மேனியில் ஒளி சிதறி எங்கும் பரவும். கருமேனியிலோ வழுக்கிச் சென்று நெற்றியிலும் கன்ன மேட்டிலும் மூக்கின் தண்டிலும் மின்னும். அம்மின்னலே வடிவத்தை எழுதும். கிருட்டிணாபுரத்துக் கருங்கல்லிலும், எண்ணெய் பூசிய மேனியிலும் யாம் காண்பது இதுவே. ஆதலின் கருத்த முகத்தைப் படமெடுப்போர் ஒளியை மேலும் மேலும் கொட்டுதல் பிழை. கதவு அல்லது சாளரம் போன்ற அகன்ற ஒளியைப் பக்கத்தே அமைத்தால், முகம் தன் கருமையை இழவாமலே தன்னைத் தான் காட்டும்.

ஒளிக்கும் நிறம் உண்டு. சூடான பொருளின் ஒளி நிறத்தைக் கெல்வின் என்னும் அளவால் குறிப்பர். மெழுகுதிரியும் எண்ணெய் விளக்கும் ஏறத்தாழ 1900 கெல்வின். அவற்றின் ஒளி பொன்னிறம். நண்பகல் ஒளி ஏறத்தாழ 5500 கெல்வின், அது வெண்மை. ஞாயிறு மறைந்தபின் வானத்திலிருந்து இறங்கும் ஒளி அதனினும் மிகுந்த அளவினது, அது நீலம். நம் நெல்லைச் சீமையில் ஞாயிறு மேற்குமலைத் தொடரின் பின்னே இறங்கிய பின், சிறிது நேரம் வானில் நீலம் தங்கி நிற்கும். அந்நேரத்தில் வாயிற்படியில் ஒருவரை அமர்த்தி, வீட்டினுள்ளே ஒரு விளக்கை ஏற்றிப் பாருங்கள். ஒரு கன்னத்தில் பொன். ஒரு கன்னத்தில் நீலம். இரண்டின் நடுவே இருள். சாயமும் திரையும் இல்லாமலே, பொழுதும் வீடும் கூடி எழுதும் ஓவியம் அது.

இனி, செய்து பார்க்க விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். முதலாவது, விளக்கின் தூரம். விளக்கிலிருந்து முகம் இரண்டடி தூரத்தில் இருக்கும்போது விழும் ஒளியை நான்கு பங்காகக் கொண்டால், நான்கடிக்கு விலகியபோது ஒரு பங்கே விழும். எட்டடிக்கு அப்பாலுள்ள சுவருக்குச் செல்வது முகத்தின் ஒளியில் பதினாறில் ஒரு பங்கே. எனவே விளக்கை முகத்துக்கு அணித்தாய் வைத்து, சுவரைத் தூரத்தே விட்டால், பின்னணி தானே இருண்டுவிடும். எம் ஆச்சியின் படத்தில் அறையும் சேலையும் மறைந்தது இக்கணக்கினாலேயே.

இரண்டாவது, காமிராவின் பேதைமை. காமிரா தன் முன்னுள்ள காட்சி முழுவதையும் இடைப்பட்ட சாம்பல் நிறமாகக் கொண்டு ஒளியை அளக்கும். காட்சியில் இருள் மிகுதியாயின், 'ஒளி போதாது' என்று எண்ணி, எல்லாவற்றையும் வெளுக்கச் செய்யும்; இருளும் கெடும், முகமும் கெடும். செல்பேசியில் முகத்தை விரலால் தொட்டு, அருகே தோன்றும் ஞாயிற்றுக் குறியைக் கீழே இழுத்து, ஒளியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அழகு செய்யும் ஏற்பாடு இருப்பின் அதனை முன்பே அடைத்துவிட வேண்டும்.

மூன்றாவது, அசைவின்மை. குறைந்த ஒளியில் காமிரா நெடுநேரம் நோக்க வேண்டியிருத்தலின், அதனை ஒரு முக்காலியின்மேலோ புத்தக அடுக்கின்மேலோ வைத்தல் நன்று. அமர்ந்திருப்பவர் மூச்சை மெல்ல விட்டு இரண்டு நொடி அசையாதிருத்தல் போதும். இருண்ட துணியோ கம்பளிப் போர்வையோ பின்னே தொங்கவிட்டால் சிறிய அறையிலும் இது கைகூடும். விடுதி அறையில், ஒரு மெழுகுதிரியும் ஒரு கறுப்புப் போர்வையும் கொண்டு, யாம் அறைத்தோழர் நால்வரைப் படமெடுத்தோம். நாள்தோறும் உடன் உண்ணும் தோழரை அன்றுதான் முதன்முதல் கண்டாற்போல் இருந்தது. அவருள் ஒருவர், தம் முகம் கருத்தது என்று கூசி, ஒரு குழுப்படத்திலும் முன்வரிசையில் நில்லாதவர். தம் படத்தை நெடுநேரம் நோக்கியிருந்து, "இதை எங்கம்மாவுக்கு அனுப்பலாமா?" என்று கேட்டார்.

இறுதியாக ஒன்று கூறி முடிப்போம். வெள்ளத்தில் நம் பொருநைக் கரையினர் இழந்தவற்றுள் நெல்லும் மாடும் வீடும் கணக்கில் ஏறின, படங்கள் ஏறவில்லை. எத்தனையோ வீடுகளில் முதியோரின் ஒரே உருவம் சேறாய்ப் போயிற்று. ஆதலின் அன்பர்களே, இவ்விடுமுறையில் ஊருக்குச் செல்லுங்கால், உங்கள் தாத்தாவையோ ஆச்சியையோ அந்தி நேரத்தில் வாயிற்படியில் அமர்த்துங்கள். அவர்கள் மனம் ஒப்பி அமர்தல் வேண்டும். அதற்காகச் சிறிது நேரம் பேசிக்கொண்டிருங்கள். பின்பு படமெடுங்கள். அதனை ஓரிடத்தில் மட்டும் வைக்காது, வெளியூரிலுள்ள உறவினரிடமும் ஒரு படி கொடுத்து வையுங்கள். நிறத்தை மட்டும் எவரும் துடைக்க விடாதீர்கள்.

எம் வீட்டில் அலமாரிக்குப் பின்னே நின்ற படம் இன்றும் அங்கேயே நிற்கின்றது. அரிக்கேன் விளக்கின் ஒளியில் எடுத்த படம் தார்சாவில் தொங்குகின்றது. இரவு ஜெபம் முடிந்தபின் தாத்தா விளக்கை அணைக்குமுன் அதனை ஒருமுறை நோக்குவார். ஒளியுள்ள பாதியை நாங்கள் எல்லோரும் அறிவோம். இருளிலுள்ள பாதி அவருடையது.